புதிய தொட்டியில் மீன்கள் மடிவது ஏன்?

தோட்டப்புற இல்லங்களில் வண்ண மீன் வளர்க்கும் விருப்பம் புதியதன்று. சிறுவர்கள் ஓடைகளிலும் வடிகால்களிலும் பிடித்து வந்த மீன்களைப் போத்தல்களில் விட்டு வளர்ப்பது நெடுநாள் வழக்கம். கையில் சிறிது பணம் சேர்ந்ததும் பட்டணத்துக் கடைக்குச் சென்று கண்ணாடித் தொட்டியும் பலவகை மீன்களும் ஒரே நாளில் வாங்கி வருவோர் பலர். முதல் நாள் வீடே மகிழ்கிறது. மூன்றாம் நாள் நீர் மங்குகிறது. இரண்டாம் வாரம் முடிவதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மடிந்து மிதக்கின்றன. பிள்ளைகள் கலங்குகின்றனர், உழைத்துச் சேர்த்த வெள்ளியும் வீணாகின்றது.

‘இந்த வீட்டுக்கு மீன் ராசியில்லை’ என்று சிலர் கூறுவர். கடைக்காரர் நோயுற்ற மீன்களைத் தந்துவிட்டார் என்று வேறு சிலர் குறைப்படுவர். பெரும்பாலும் இவை இரண்டும் காரணமல்ல. மீன்களை ஏற்கத் தொட்டி ஆயத்தமாகும் முன்னரே அவற்றை விட்டுவிடுவதுதான் காரணம். இதனை அறிந்துகொண்டால் இழப்பைத் தவிர்க்கலாம்.

அமோனியா என்னும் நஞ்சு

அமோனியா என்ற பெயர் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்குப் புதியதன்று. மங்கிலிருந்து சேகரித்த பால் ஆலைக்குச் செல்லும் வரை உறையாமல் இருப்பதற்கு அதில் அமோனியா கலக்கப்படுகிறது. மூக்கைத் துளைக்கும் அதன் நெடியை அறியாதவர் இலர்.

அதே பொருள்தான் மீன் தொட்டியிலும் உண்டாகின்றது. மீன்கள் செவுள்களின் வழியாக அமோனியாவை வெளியிடுகின்றன. அவற்றின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும், அழுகிய இலைகளும் அமோனியாவாக மாறுகின்றன. ஓடையில் ஓடும் நீர் இதனை அடித்துச் சென்றுவிடும். தொட்டியின் நீரோ தேங்கி நிற்பது. அதில் சேரும் நஞ்சு மிகச் சிறிய அளவினதாதலால் மனிதர் மூக்கிற்கு நெடி தெரியாது. ஆயினும் மீனின் செவுள்களைப் புண்படுத்துவதற்கு அவ்வளவே போதும். மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதன் முதல் அறிகுறியாகும்.

கண்ணுக்குப் புலப்படாத துணைவர்கள்

இந்த நஞ்சை நீக்குபவை நுண்ணுயிர்களே. ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட் என்னும் பொருளாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தில் கலந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். மற்றொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் குறைந்த அளவில் மீன்களுக்குத் தீங்கு செய்வதில்லை. நீர்ச்செடிகளுக்கு அது உணவாகிறது.

இந்நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டில் பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிவியலறிஞர். நன்னீர் மீன் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் பணியைப் பெரிதும் ‘நைட்ரோஸ்பைரா’ என்னும் இனமே செய்கிறது என்பது 1998இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

இதே பணி தோட்டத்திலும் நடைபெறுகின்றது. இளமரங்களுக்கு இடும் அமோனியம் சல்பேட் உரத்தை மண்ணிலுள்ள இவ்வகை நுண்ணுயிர்களே நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ரப்பர் ஆலைக் கழிவுநீரைத் தூய்மைப்படுத்த ஆலைக்கு அருகே வெட்டப்பட்ட குளங்களிலும் பலவகை நுண்ணுயிர்கள் உழைக்கின்றன. கச்சா ரப்பர் ஆலைகளின் கழிவுநீரைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகள் நம் நாட்டில் 1978இல் இயற்றப்பட்டன. ஆலைக்கு ஒரு குளம் செய்யும் வேலையை வீட்டுத் தொட்டிக்கு ஒரு சிறு வடிகட்டி செய்கிறது எனலாம்.

புதிய தொட்டியில் இத்துணைவர்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அவர்கள் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருப்பதே மீன் வளர்ப்பின் முதற்பாடம்.

தொட்டியை அமைக்கும் முறை

தொடக்கத்தில் 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் கொண்ட தொட்டி ஏற்றது. மணலுக்கும் மேல்விளிம்புக்கும் இடம் விட்டால் ஏறக்குறைய 45 லிட்டர் நீர் கொள்ளும். மிகச் சிறிய தொட்டியில் நஞ்சு விரைவில் மிகுந்துவிடும். ஆகவே சிறிய தொட்டி எளியது என எண்ணுவது தவறு. நீர், மணல், கண்ணாடி ஆகியவற்றின் மொத்த எடை சுமார் 70 கிலோ இருக்குமாதலால் உறுதியான, சமமான மேசை வேண்டும். வெயில் படும் சன்னலோரத்தைத் தவிர்க்க வேண்டும். வெயில் பட்டால் பாசி படரும். நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் நீரைச் சூடாக்கும் கருவி பொதுவாகத் தேவைப்படாது.

ஆற்று மணலையோ சிறு கூழாங்கற்களையோ நீர் தெளியும் வரை பலமுறை அலசிப் பரப்புக. சவர்க்காரம் சிறிதும் படக்கூடாது. நீர் சுமக்கத் தனி வாளி ஒன்று வைத்துக்கொள்க. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ இருந்த கொள்கலனை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக்கூடாது. மனிதருக்கும் அது தீங்கானதே.

குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கப்படுகிறது. அது மீனையும் நல்ல நுண்ணுயிர்களையும் தாக்கும். நீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காற்றுக் குமிழி விட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் நீங்கும். குளோரமின் கலக்கப்படும் இடங்களில் இம்முறை போதாது. அலங்கார மீன் கடைகளில் விற்கும் நீர் பதப்படுத்தும் மருந்தை அளவறிந்து சேர்க்க வேண்டும்.

வடிகட்டிகளுள் மலிவானதும் நம்பத்தக்கதும் காற்றுப் பம்பினால் இயங்கும் நுரைப்பஞ்சு வடிகட்டியாகும். நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பதை விட, பஞ்சிலும் மணலிலும் ஒட்டியே மிகுதியாக வாழ்கின்றன. அவற்றுக்கு உயிர்வளி இடைவிடாது வேண்டும். ஆகவே பம்பை இரவில் நிறுத்துதல் கூடாது. மின்சாரம் நின்றால் நீர் பின்னோக்கி ஏறாதபடி பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தல் வேண்டும். ஈரக் கையால் மின்பொருத்தியைத் தொடலாகாது.

மீன் இல்லாத வாரங்கள்

தொட்டி இயங்கத் தொடங்கியதும் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனியை நீரில் தூவுக. அது அழுகி அமோனியாவாகும். அதனை உண்டு நுண்ணுயிர்கள் பெருகும். தோட்டத்து அமோனியாவைக் கொண்டுவந்து ஊற்றலாமே என எவரும் எண்ண வேண்டா. அது மிகவும் காரமானது. கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஊறு செய்யும். அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கலாம்.

நன்கு இயங்கிவரும் தொட்டியை நண்பர் எவரேனும் வைத்திருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டையோ கைப்பிடி மணலையோ கேட்டுப் பெறுக. ஈரம் உலராமல் கொண்டுவந்து உடனே தொட்டியில் இட்டால் காத்திருக்கும் காலம் பெரிதும் குறையும். பால் புரையூற்றித் தயிர் தோய்ப்பது போன்றதே இது. நோயுற்ற மீன்கள் உள்ள தொட்டியிலிருந்து மட்டும் எடுக்கலாகாது.

நீரைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி கடைகளில் கிடைக்கும். முதலில் அமோனியா ஏறும். பின்னர் அது இறங்க, நைட்ரைட் ஏறும். இறுதியில் இரண்டும் ஒன்றுமில்லாத நிலைக்கு வந்து நைட்ரேட் மட்டும் காணப்படும். அந்நாளே மீன் விடும் நாள். இடையில் நீர் சில நாள் பால்போல் வெளுப்பதுண்டு. அது தானே தெளியும். அஞ்சித் தொட்டியைக் கழுவிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

ஒத்து வாழும் மீன்கள்

பலவகை மீன்கள் ஒரே தொட்டியில் வாழ வேண்டுமாயின் அளவும் குணமும் ஒத்திருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவின் ஓடைகளுக்கு உரிய ஹார்லிகுவின் ரஸ்போரா மிகப் பொருத்தமானது. செம்பொன் நிறமும், உடலில் முக்கோணக் கரும்புள்ளியும் கொண்ட இம்மீன் உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. இது கூட்டமாக வாழ்வதால் 6 மீன்களுக்குக் குறையாமல் விடவேண்டும். கப்பி மீன்களும், அடிமணலில் உலவும் பாம்பு போன்ற குஹ்லி மீன்களும் இதனோடு இணங்கி வாழும்.

சண்டை மீன் ஆண்கள் இரண்டைச் சேர்த்து விடலாகாது. புலிக்கோட்டு பார்ப் மீன்கள் பிற மீன்களின் நீண்ட துடுப்புகளைக் கடிக்கும். ஹாருவான், திலாப்பியா ஆகியவை சிறு தொட்டிக்கு உரியன அல்ல.

முதலில் 4 ரஸ்போராக்களை மட்டும் விடுக. இரு வாரம் கழித்து எஞ்சியவற்றையும், மேலும் இரு வாரம் கழித்து வேறு இனங்களையும் சேர்க்கலாம். கடைப்பையை 15 நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டுப் பின்னர் மீனை விடுதல் நன்று.

அன்றாடப் பராமரிப்பு

இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி இட வேண்டும். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுக. முழு நீரையும் மாற்ற வேண்டா. பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அதனைப் பிழிந்து அலசுக. அந்நீரைப் பூச்செடிகளுக்கு ஊற்றலாம், உரமாகும்.

கொசு மருந்துத் தெளிப்பான்கள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. புகை மருந்து அடிக்கும் நாளில் தொட்டியை நன்கு மூடிப் பம்பைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கவும்.

இரண்டு கடமைகள்

மீன் இல்லாத வாரங்களில் தொட்டியிலும், எடுத்து வைத்த வாளி நீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடக்கூடும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே போதும். கொசு வளர இடமளிப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே தொட்டியையும் வாளியையும் நெருங்கிய வலையால் மூடுதல் கட்டாயம்.

வேண்டாத மீன்களை ஓடையிலோ ஆற்றிலோ விடுவதும் பெருந்தவறு. தென் அமெரிக்காவிலிருந்து தொட்டி மீனாக வந்த பண்டாராயா மீன் இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகி நம் நாட்டு மீன்களுக்கு இடையூறாகிவிட்டது. அளவுக்கு மிஞ்சிய மீன்களை நண்பர்களுக்கோ கடைக்கோ கொடுத்துவிடுவதே முறை.

பால்மரம் நட்ட மறுநாளே எவரும் வெட்டுக் கத்தியை எடுப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கின்றனர். மீன் தொட்டி கேட்பது ஐந்தாறு வாரங்கள் மட்டுமே. பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு நாள்தோறும் நீரைச் சோதித்து, கண்டதை ஏட்டில் குறிக்கச் செய்யுங்கள். பள்ளியில் அறிவியல் பாடம் வரும்போது அக்குறிப்பு அவர்களுக்குக் கைகொடுக்கும்.