சபலம் என்னும் சொல்

ஒருவருடைய மனம் உறுதியற்றது என்று சொல்லவேண்டிய இடத்திலே நம்மவர் பெரும்பாலும் எடுத்தாளும் சொல் சபலம் என்பது. 'சபலபுத்திக்காரன்' என்று ஒருமுறை பெயரெடுத்தவனை ஊர் எளிதில் நம்புவதில்லை. ஆதலின், அச்சொல்லின் பொருளை நன்கறிந்து வழங்குதல் நம் கடனாகும்.

இது வடமொழியிலிருந்து வந்த சொல். ஓரிடத்தில் நில்லாது அசைவது என்பதே அங்கு அதன் பொருள். தோன்றிய கணமே மறையும் மின்னலுக்கும், ஒருவரிடத்தே நிலைத்திராத திருமகளுக்கும் சபலை என்ற பெயர் இதனாலேயே வந்தது. தமிழிலோ இச்சொல் மனத்தின் அசைவையே குறிக்கும்; அதிலும், பெரும்பாலும் ஆசையால் வரும் அசைவையே குறிக்கும். விரதமிருப்பவர் பலகாரத்தைக் கண்டு மனந் தளர்வது சபலம். கையூட்டுப் பெறுவதில்லை என்றிருந்த உத்தியோகத்தர் ஒரு பொழுது தடுமாறுவதும் சபலமே.

வேறொரு சபலமும் உண்டு. 'எண்ணிய கருமம் சபலமாயிற்று' என்றால், அது பலன் தந்தது என்பது கருத்து. வடமொழியிலே இவ்விரு சொற்களின் பகர ஒலிகள் வெவ்வேறானவை. தமிழ் எழுத்திலே அவ்வேற்றுமை தோன்றாது. இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

இனி, சபலமும் சஞ்சலமும் ஒன்றெனக் கொள்ளலாகாது. சஞ்சலமும் அசைவைக் குறித்த சொல்லே. அசையாத மலையை அசலம் என்பர். அருணாசலம் என்ற பெயரில் இருப்பது அதுவே. ஆயினும், தமிழ் வழக்கிலே சஞ்சலம் என்பது கவலையாலும் துயராலும் மனம் அலைவதாகும். தந்தையை இழந்த மாணவன், படிப்பைத் தொடர்வதா, தொழில் தேடுவதா என்று இன்றொன்றும் நாளையொன்றும் கூறுவான். அவனைச் சபலபுத்தியுடையவன் என்பது சொற்பிழை மட்டுமன்று, கொடுமையுமாகும். சபலத்துக்கு வேண்டியது கட்டுப்பாடு; சஞ்சலத்துக்கு வேண்டியது ஆறுதலும் துணையும். நோயின் பெயரைப் பிழைபடச் சொன்னால் மருந்தும் பிழைத்துவிடும் அன்றோ?

இரண்டுக்கும் எதிரான நிலை மனத்திட்பம். திருக்குறளின் 67ஆம் அதிகாரமாகிய வினைத்திட்பத்திலே, செயலின் உறுதி என்பது செய்வோனின் மனவுறுதியே என்று வள்ளுவர் காட்டுகிறார். அவ்வுறுதியை இளையோரிடத்தே வளர்க்க விரும்பும் நாம், ஒருவரைச் சபலபுத்தியுடையவர் என்று கூற நாவெழும்போது, அவரை அசைப்பது ஆசையா, துயரா என்று முதலிலே நோக்குவோமாக.