வேட்டுவரும் துரைமாரும்: கொங்கு மலைகளில் வேட்டை உரிமை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பற்றிப் புறநானூற்றின் 150ஆம் பாடல் ஓர் அரிய செய்தியைத் தருகிறது. பசியால் தளர்ந்து காட்டிடையே மரநிழலில் அமர்ந்திருந்த வன்பரணரை, வேட்டைமேல் வந்த நள்ளி காண்கிறான். தீக்கடைகோலால் நெருப்பு மூட்டி, ஊனைச் சுட்டுப் புலவர்க்கும் சுற்றத்தார்க்கும் ஊட்டுகிறான், அணிகலன் ஈகிறான், பெயரும் நாடும் வினவியபோது சொல்லாமலே அகன்று விடுகிறான். அவனது தோட்டிமலையை நீலமலைத் தொடரோடு இணைத்துக் காணும் ஆய்வாளரும் உளர். இப்பாடலில் மலைக்கு உரியவன் வேட்டுவன்; வெளியிலிருந்து வந்தவன் விருந்தினன்; ஊன் விருந்தினன் கைக்கு வேட்டுவன் கையிலிருந்தே செல்கிறது. ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே மலைகளில் இம்முறை தலைகீழாயிற்று. வந்தவன் உரிமையாளன் ஆனான். இருந்தவன் கள்ளன் ஆனான். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருந்துறை வட்டாரம் மலைநாடன்று. மேட்டாங்காடும் கொறங்காடும் நிறைந்த சமவெளி. முயலுக்கு வலையும், கவுதாரிக்கும் காடைக்கும் கண்ணியும், துணைக்கு நாயும் கொண்டு ஆடிய சிறுவேட்டையே இங்குப் பெருவழக்கு. ஆயினும் கொங்கு நாட்டின் பல ஊர்களில் காணப்படும் புலிகுத்திக் கற்கள், ஆனிரை காக்கப் புலியொடு பொருது மாண்ட வீரர்களை நினைவூட்டுகின்றன. ஒருகாலத்தில் புலி ஊர்ப்புறம் வரை உலவியது என்பதற்கு அவையே சான்று. (அதே மண்ணில், பெருந்துறைக்கு அண்மையிலுள்ள விசயமங்கலத்தில், கொல்லாமையை உயிராகப் போற்றிய சமணம் தழைத்ததும் நினைக்கத் தக்கது.) ஆக, உணவுக்கும் காப்புக்கும் வேட்டையாடுதலை இந்நாடு நன்கறியும். கொம்புக்காகவும் தோலுக்காகவும் தொலைதூரத்திலிருந்து வந்து வேட்டையாடுதலையே அது புதிதாகக் கண்டது.

மலையேறிய துப்பாக்கி

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலமலை ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் கல் பங்களா எழுந்தது. நலம் நாடி வந்த படையதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் மலையெங்கும் துப்பாக்கியோடு திரிந்தனர். பாறை முகடுகளில் வாழும் வரையாட்டை அவர்கள் தங்கள் நாட்டுப் பழக்கத்தால் ஐபெக்ஸ் என்று பிழையாக அழைத்தனர்; முதுகில் வெளிர்நிறம் படிந்த முதிய கிடாவின் தலை பெறுதற்கரிய பரிசாகக் கருதப்பட்டது. டக்ளஸ் ஹாமில்டன் என்னும் படையதிகாரி நீலமலையிலும் ஆனைமலையிலும் தாம் ஆடிய வேட்டைகளின் குறிப்பேடுகள் 1892இல் நூலாயின. ஒரு மனிதர் எத்தனை விலங்குகளை வீழ்த்த முடியும் என்பதற்கு அந்நூலே சான்றாகும்.

விலங்குகள் அருகின. பழி யார்மேல் வீழ்ந்தது? வலைவீசும் மலைமக்கள்மேலும், நாட்டுத் துப்பாக்கி ஏந்திய ஊர் வேட்டைக்காரர்மேலும் பெரும்பங்கு வீழ்ந்தது. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. காட்டெருது, கடமான், வரையாடு, கேளையாடு, எல்லா வகை மான்கள், முயல், காட்டுக்கோழி, மயில், கவுதாரி, காடை முதலியவை வேட்டை விலங்கு என வரையறுக்கப்பட்டன. வேட்டை கூடாத பருவம் வகுக்கப்பட்டது. உரிமச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. இதனை ஒட்டி முன்னும் பின்னும் வந்த இரு சட்டங்களையும் சேர்த்தே காண வேண்டும். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை உரிமத்துக்குள் அடக்கியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், ஒதுக்குக் காடுகளில் விதிக்கு மாறாக வேட்டையாடுதலையும் கண்ணி வைத்தலையும் நீரில் நஞ்சு கலந்து மீன் பிடித்தலையும் குற்றமாக்கியது.

இச்சட்டங்களின் உட்கிடையை எம்.எஸ்.எஸ். பாண்டியன் போன்ற வரலாற்றறிஞர் நன்கு விளக்கியுள்ளனர். எத்தனை உயிர் கொல்லப்பட்டது என்பது அன்றைய வேட்டையறத்தின் முதன்மை அளவுகோல் அன்று. எம்முறையில் கொல்லப்பட்டது என்பதே அளவுகோல். ஓடும் விலங்கைத் தேடித் தொடர்ந்து சுடுவது பெருந்தகைமை. குட்டைக் கரையில் காத்திருந்து சுடுவதும், கண்ணியில் வீழ்த்துவதும், வலையில் மடக்குவதும் இழிதகைமை. பசிக்காக வேட்டையாடுவோனைச் சட்டிக்காக வேட்டையாடுவோன் என்று எள்ளி நகையாடுவர். உணவின் தேவையே குற்றத்துக்கு அடையாளமாகிவிட்ட விந்தையை என்னென்பது! செந்நாய் போன்ற ஊனுண்ணிகள் இவ்வறத்துக்கும் புறம்பாயின. துரைமாருக்குரிய மானைத் தின்றமையால் அவற்றைக் கொல்வோர்க்கு நெடுங்காலம் வெகுமதி வழங்கப்பட்டது.

எனினும் நடுநிலை தவறலாகாது. பருவ விலக்கும், பெண் விலங்கைச் சுடலாகாது என்னும் நெறியும், காவலர் ஏற்பாடும் இல்லையேல் நீலமலை வரையாடு அழிந்தே போயிருக்கக் கூடும் என்பதை மறுக்க இயலாது. இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்காக அது திகழ்கிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மாநிலத்தில் 1031 வரையாடுகள் எண்ணப்பட்டன. விலங்கைக் காத்தது நன்று. அக்காவலின் சுமையை யார் சுமந்தார் என்பதே வினா.

வழிகாட்டியான கள்ளன்

வெளியிலிருந்து வந்த வேட்டைக்காரர் தனித்து வேட்டையாடியவர் அல்லர். குறும்பர், இருளர், சோளகர் ஆகியோரின் கண்ணும் காலும் இன்றி எந்தத் துரையும் ஒரு காட்டெருதையும் கண்டிரான். மடிந்த புல்லின் ஈரத்தைக் கொண்டு விலங்கு சென்ற நேரத்தைக் கணிப்பதும், சாணத்தின் சூட்டைத் தொட்டறிவதும், காற்று எத்திசையில் வீசுகிறது எனப் புழுதி தூவிப் பார்ப்பதும், குரங்கின் எச்சரிக்கைக் குரலிலிருந்து சிறுத்தையின் இருப்பிடத்தை அறிவதும் தலைமுறை தலைமுறையாக வந்த கல்வி. பரண் கட்டுவதும் காட்டைக் கலைத்து விலங்கை ஓட்டுவதும் ஊரார் பணியே. 1956 வரை கோவை மாவட்டத்தில் அடங்கியிருந்த கொள்ளேகால் பகுதியை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் காப்பித் தோட்டம் நடத்திய ஆர்.சி. மாரிஸ், தேர்ந்த வேட்டைக்காரராகவும் இயற்கை ஆய்வாளராகவும் பெயர் பெற்றவர். அவர் வேட்டைக்கும் துணை நின்றவர் சோளகரே.

தடங்காணும் அத்திறன் எங்கே பயிலப்பட்டது? உரிமம் இல்லாத வேட்டையில் அல்லவா? சத்தியமங்கலம், தாளவாடி, திம்பம் காடுகளில் அலைந்து எழுதிய கென்னத் ஆண்டர்சன் (1910–1974) இம்முரணை மறைக்கவில்லை. சின்னாற்றுக் காட்டில் வாழ்ந்த பைரா என்னும் பூசாரி இனத்தவரை அவர் கள்ளவேட்டைக்காரராகவே அறிமுகம் செய்கிறார். பின்னர் அவரையே தம் வழிகாட்டியாகவும் நண்பராகவும் போற்றுகிறார். அதே மனிதர், அதே காடு, அதே கலை. துரையோடு சென்றால் துணைவர். தனியே சென்றால் குற்றவாளி.

இங்கு ஒன்றை நுணுகி நோக்க வேண்டும். வந்தவர் விழைந்தது தலையும் கொம்பும் தோலும். ஊரார் விழைந்தது இறைச்சி. கடமான் ஒன்று வீழ்ந்தால் கொம்பு பங்களாவுக்கும் ஊன் குடிசைக்கும் சென்றது. எனவே இருவர் தேவையும் ஒரே பொருளின்மேல் மோதவில்லை. மோதியது எங்கே எனில், எப்போது வேட்டையாடலாம் என்பதை யார் முடிவு செய்வது என்பதிலேதான். குடிமகனின் வேட்டைநாள் பசியையும் விழாவையும் பயிரழிவையும் பொறுத்தது. துரையின் வேட்டைநாள் விடுமுறையைப் பொறுத்தது. சட்டம் பின்னவர் நாட்காட்டியைத் தனதாக்கிக் கொண்டது.

ஹிமா காட்டும் முறை

காப்புநிலத்துள் முதலில் நுழையும் உரிமை யாருக்கு என்னும் வினாவை அரபு நாடு வெகுகாலம் முன்னரே எதிர்கொண்டது. இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபுத் தலைவர்கள் செழித்த மேய்ச்சல் நிலங்களைத் தமக்கென வளைத்துப் பிறரை விலக்கினர். அதற்கு ஹிமா என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தனியுரிமையை ஒழித்து, ஹிமாவைப் பொதுநலத்துக்கு உரியதாக்கினார்கள். மதீனாவைச் சூழ்ந்த நிலத்தை வேட்டை கூடாத புனித எல்லையாகவும் அறிவித்தார்கள். இஹ்ராம் பூண்டவர் தரைவிலங்கை வேட்டையாடலாகாது என்பதைத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் விதிக்கிறது. உணவுக்காக வேட்டையாடுதல் ஆகுமானது. வீண் களியாட்டுக்காக உயிரைக் கொல்லுதல் வெறுக்கத் தக்கது என்பதே மார்க்க அறிஞர் கொள்கை. உதகைத் துரைமாரின் வேட்டையறத்தோடு இதனை ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றற்கொன்று நேர் எதிராக நிற்பது புலனாகும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிமாவின் காவலராக ஹுனைய் என்பவரை அமர்த்தியபோது இட்ட கட்டளை புகாரீ நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. சிறு ஒட்டக மந்தையும் சிறு ஆட்டு மந்தையும் உடையவரை உள்ளே விடுமாறும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகிய செல்வரின் மந்தைகளைத் தடுக்குமாறும் அவர்கள் பணித்தார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவர்க்குத் தோட்டமும் விளைநிலமும் உண்டு. எளியவரின் கால்நடை மடிந்தால் அவர் பிள்ளைகளோடு ஆட்சியாளரிடம் வந்து நிற்பார் என்பது அதற்கான காரணம். தடுக்கப்பட்ட இருவரும் நபித்தோழருள் மிக மதிக்கப்பட்டவர் என்பதை எண்ணினால் கட்டளையின் ஆழம் விளங்கும்.

அத்தகைய தெளிவு இன்று முஸ்லிம் நாடுகளிலேயே எங்கும் உண்டு எனக் கூற இயலாது. பாகிஸ்தானில் கானமயிலுக்கு உறவான ஹுபாரா என்னும் பறவையை உள்ளூரார் வேட்டையாடத் தடை உண்டு; ஆனால் வளைகுடா நாட்டு அரச குடும்பத்தினர் பைரிகளோடு வந்து வேட்டையாடச் சிறப்பு அனுமதி வழங்கப்பட்டு வந்தது. 2015 ஆகஸ்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது. 2016 சனவரியில் அத்தடை விலக்கப்பட்டது. அதே நாட்டின் வடமலைகளில் வேறொரு காட்சி. முறுக்குக் கொம்புடைய மார்க்கோர் என்னும் காட்டாட்டை வேட்டையாட வெளிநாட்டார் செலுத்தும் கட்டணம் ஓர் இலட்சம் டாலரையும் கடப்பதுண்டு. அதில் நூற்றுக்கு எண்பது பங்கு மலைக்கிராமத்தாருக்குச் சேர்கிறது. முன்னாளில் அதனைச் சுட்டுத் தின்றவரே இன்று அதன் காவலர். அழியும் நிலையில் இருந்த அவ்விலங்கின் நிலை மேம்பட்டதென 2015இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. பணத்துக்காகக் கொல்ல விடுவது முறையா என்னும் வாதம் ஓயவில்லை. பங்கு யாருக்கு என்பதில் மட்டும் அங்கு ஐயமில்லை.

இன்றைய சத்தியமங்கலம்

விடுதலைக்குப் பின்னரும் இந்தியாவில் வெளிநாட்டு வேட்டைக்காரரை அழைத்துச் செல்லும் குழுமங்கள் இயங்கின. 1970இல் புலிவேட்டை தடை செய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சில வேட்டை உரிமங்களை விட்டுவைத்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றையும் நீக்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினர்க்குத் தேன் முதலிய சிறு வனப்பொருள்களின் மேல் உரிமையளித்தது. ஆயினும் மரபுவழி வேட்டையுரிமையை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. விருந்தினன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். வேட்டுவன் கண்ணியைக் கைவிட்டான். எழுத்தளவில் இருவரும் சமமாயினர்.

வாழ்வில் அச்சமன்மை எளிதில் வரவில்லை. வேட்டையில் தொடங்கி யானைத் தந்தத்துக்கும் சந்தனத்துக்கும் பெயர்ந்த வீரப்பனைத் தேடிய ஆண்டுகளில் சோளகர் பட்ட துன்பத்தை ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) என்னும் புதினம் பதிந்துள்ளது. காட்டை அறிந்தவர் என்பதே அவர்மீது ஐயமாக மாறிய காலம் அது. மற்றொரு புறம், காட்டுப்பன்றியால் பயிரிழக்கும் விவசாயி துப்பாக்கி எடுக்க இயலாது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 சனவரியில் தமிழக அரசு ஆணையிட்டது. ஆணைக்கு முன்னரே பல இடங்களில் சட்டவிரோதமாக வைக்கப்பட்டு வரும் அவுட்டுக்காய் பன்றியோடு நிற்பதில்லை. அதனைக் கடித்து வாய் சிதைந்து பட்டினியால் மடிந்த யானைகள் உண்டு.

சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமாயிற்று. இன்று ஆசனூருக்கும் திம்பத்துக்கும் வருவோர் கையில் இருப்பது படக்கருவி. பழைய தடங்காணியரின் வழிவந்த இளைஞர் பலர் வேட்டைத் தடுப்புக் காவலராகப் பணிபுரிகின்றனர். விடியுமுன் எழுந்து புலியின் அடித்தடம் அளப்பதும், தானியங்கிக் கருவி பொருத்துவதும், கண்ணி தேடி அகற்றுவதும், ஊருக்குள் வந்த யானையை விரட்டுவதும் அவர்தம் அன்றாடக் கடமை. கண்ணி வைக்கும் இடம் எதுவென்று அவர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டனார் வைத்த இடம் அது. புலிகளின் எண்ணிக்கை பெருகியமைக்காக 2022இல் இக்காப்பகம் பன்னாட்டு விருது பெற்றது. அக்காவலருள் பலர் தற்காலிகப் பணியாளராகவே பல்லாண்டுகளைக் கழிக்கின்றனர்.