ஒரு நாள் லீவில் மாமல்லபுரம்: எப்படி போகலாம்? என்ன பார்க்கலாம்? எதில் உஷார்?

ஸ்ரீபெரும்புதூர்:-

வாரத்துக்கு 6 நாள் ஷிப்ட். மிச்சம் இருக்கும் ஒரு நாள் லீவு துணி துவைக்கவும், தூங்கவுமே சரியாகி விடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் ரூம் எடுத்து தங்கி 2, 3 வருடம் வேலை பார்த்தும், மாமல்லபுரத்தை பார்க்காமலேயே சொந்த ஊர் திரும்புபவர்கள் உண்டு. ஒரகடத்தில் இருந்து சுமார் 50 கி.மீ. தூரம்தான். காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு ரூமுக்கு வந்து விடலாம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

பஸ் வழி

ஒரகடத்தில் இருந்து முதலில் சிங்கப்பெருமாள் கோவில் போக வேண்டும். அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்சும் உண்டு, மின்சார ரெயிலும் உண்டு. செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு பஸ் போகிறது.

நைட் ஷிப்ட் முடித்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவது மட்டும் வேண்டாம். தூக்க கலக்கத்தில் ஹைவேயில் வண்டி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. பஸ்சில் ஏறினால் வழியிலேயே ஒரு தூக்கம் போடலாம்.

ஒரே டிக்கெட் போதும்

மாமல்லபுரம் நினைவுச் சின்னங்கள் 1984-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியலில் சேர்ந்தன. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை பார்க்கலாம். இந்தியர்களுக்கு கவுண்ட்டரில் 40 ரூபாய், செல்போன் மூலம் வாங்கினால் 35 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு கட்டணம் இல்லை. கடற்கரை கோவிலுக்கு வாங்கிய டிக்கெட்டையே ஐந்து ரதத்திலும் காட்டலாம். அதனால் முதல் இடத்தை பார்த்ததும் டிக்கெட்டை தூக்கி எறிந்து விடாதீர்கள்.

ஏப்ரல் 18 உலக பாரம்பரிய தினம். அன்று டிக்கெட்டே கிடையாது.

ரீ-ஒர்க் இல்லாத வேலை

பிளாண்டில் வேலை பார்ப்பவர்கள் ஐந்து ரதத்தை அவசரமாக செல்பி எடுத்துவிட்டு நகரக்கூடாது. இவை கல்லை அடுக்கி கட்டியவை அல்ல. பாறையை மேலே இருந்து கீழாக செதுக்கி எடுத்தவை. ஒரு அடி தப்பானால் வேறு பீஸ் மாற்ற முடியாது, ரீ-ஒர்க்கும் கிடையாது. சில ரதங்களில் அடிப்பகுதி முடியாமல் கரடுமுரடாக நிற்கிறது. மேலே முடித்துவிட்டுத்தான் கீழே வந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பாண்டவர் பெயர்கள் எல்லாம் பிற்காலத்தில் வந்தவை.

ஊருக்குள் இருக்கும் பாறைகளில் வரிசையாக சின்னச் சின்ன குழிகள் தெரியும். குழியில் மர ஆப்பு அடித்து தண்ணீர் ஊற்றினால், மரம் ஊறி பாறை பிளக்கும். அந்த கால டெக்னிக் இது. கடற்கரை கோவில் வேறு ரகம். வெட்டி எடுத்த கற்களை அடுக்கி, 8-ம் நூற்றாண்டு தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் கட்டப்பட்டது.

அர்ச்சுனன் தபசு சிற்பம் சுமார் 90 அடி நீளம். பகீரதன் தவம் செய்து கங்கையை பூமிக்கு கொண்டு வந்த கதை இது என்று சொல்பவர்களும் உண்டு. ரூமில் பீகார், உ.பி. நண்பர்கள் இருந்தால் அழைத்துப்போய் காட்டலாம். கதை அவர்களுக்கும் தெரிந்ததுதான். கீழே எலிகளுக்கு நடுவில் ஒரு பூனை கள்ளத் தவம் செய்வதை பார்த்து சிரிக்காதவர் இல்லை.

கல்லில் தொழிலாளி பெயர்

திருக்கழுக்குன்றத்தில் இருந்து வரும் பஸ் ஊருக்குள் நுழைவதற்கு முன்பு பூஞ்சேரி வரும். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்த பகுதி. ஆனால் இதைவிட பழைய பெருமை ஒன்று உண்டு. இங்குள்ள பாறையில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டு உள்ளன. கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்று போகிறது பட்டியல். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் பெயரும் இருக்கிறது. இங்கே வேலை செய்த சிற்பிகள் இவர்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

அதாவது ராஜா பெயர் மட்டும் நிற்கவில்லை. உளி அடித்தவர் பெயர், இரும்பு வேலை பார்த்தவர் பெயர், வெளியூரில் இருந்து பிழைக்க வந்தவர் பெயர் எல்லாம் 1,200 வருடம் தாண்டி நிற்கிறது. அந்த தொழில் இன்றும் சாகவில்லை. ரோட்டோர பட்டறைகளில் உளி சத்தம் கேட்கும். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மீன் சாப்பாடு

மத்தியானம் மீன் சாப்பாடுதான். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால், கடம்பா எல்லாம் கிடைக்கும். உட்காருவதற்கு முன்பே, "அண்ணே, வஞ்சிரம் பீஸ் எவ்வளவு?" என்று கேட்டுவிட வேண்டும். சைஸ் பார்த்து விலை சொல்லும் இடத்தில் பில் வந்த பிறகு சண்டை போட்டு பயன் இல்லை. பச்சை மீனை காட்டினால் செவுளை பாருங்கள். சிவப்பாக இருந்தால் புதுசு. வெளுத்திருந்தால் பழசு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம். அந்த நாட்களில் சின்ன படகுகளில் வரும் மீன்தான். விலை கூடுதலாக இருக்கும். காசு இடித்தால் சாம்பார் சாதமும், சாயங்காலம் பீச்சில் சுண்டலும் போதும்.

கடலில் இறங்காதீர்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். கரையில் இருந்து பார்க்க அலை சாதுவாக தெரியும். ஆனால் திரும்பும் தண்ணீர் காலுக்கு கீழே மண்ணை அரித்து, ஆளை உள்ளே இழுத்துவிடும். நண்பர்களுடன் வந்து குளித்த இளைஞர்கள் அலையில் சிக்கி பலியாகும் செய்தி வருடா வருடம் வருகிறது. ஆற்றிலும், கிணற்றிலும் நீச்சல் அடித்தவர்களுக்கும் கடல் வேறு. எச்சரிக்கை பலகை இருக்கும் இடத்தில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு கடல் பக்கமே போக வேண்டாம். ஊரில் அம்மா, அப்பா மாதா மாதம் வரும் பணத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை, பிள்ளையின் போனையும் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மாலை 6 மணிக்கு கோவில் பக்கம் கேட் மூடி விடுவார்கள். செங்கல்பட்டுக்கு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை காலையில் இறங்கியதுமே பஸ் நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மறுநாள் ஏ ஷிப்ட் இருப்பவர்கள் இருட்டுவதற்கு முன்பே பஸ் ஏறிவிட வேண்டும்.