ஒரு மானுக்கு ஒரு தோட்டா

தட்டாரின் பட்டறையிலே குன்றிமணி எடைக்குத் தராசுத் தட்டுத் தாழ்வதையும் உயர்வதையும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பொன்னை நிறுக்கும் அதே கருத்தோடு வெடிமருந்தை நிறுக்கும் மனிதரும் உலகில் உளர் என்பதை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மலையடிவாரக் கிராமத்திலே சில நாட்கள் தங்க நேர்ந்தபோதுதான் நாம் அறிந்தோம்.

அது கார்த்திகை மாத இறுதி. மரங்கள் இலையுதிர்த்து நின்றன. எமக்கு இடமளித்த முதியவர் எழுபது வயதைக் கடந்தவர். தச்சுத் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். இரவுணவு முடிந்ததும் எம்மை நிலவறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு மேசை. மேசையிற் பூட்டிய இரும்பு அழுத்தி. அருகே ஒரு சிறு தராசு. அவருடைய பதினான்கு வயதுப் பேர்த்தி முன்னரே அங்கு வந்து, வெடித்துத் தீர்ந்த பித்தளைக் கூடுகளை ஒவ்வொன்றாக விளக்கொளியிற் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம்மவருட் பலர் புலால் மறுத்தவர். மான் வேட்டை நம் நாட்டிற் சட்டத்தால் தடுக்கப்பட்ட செயலுமாகும். ஆகவே வேட்டைக்கு எவரையும் அழைப்பது எமது நோக்கமன்று. ஆயினும், உயிரொன்றை எடுக்கப் போகும் மனிதன் அதற்குமுன் எவ்வளவு பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்க வேண்டும் என்பதை அந்த நிலவறையிலே கண்டோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

தோட்டாவின் குலவரலாறு

முதியவரின் துவக்கு அவருடைய தகப்பனார் வாங்கியது. அது ஏற்கும் தோட்டாவுக்கு '257 றொபேட்ஸ்' என்று பெயர். குண்டின் விட்டம் ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் 257 கூறு. அதாவது ஏறக்குறைய ஆறரை மில்லிமீற்றர். மான் வேட்டைக்குரிய தோட்டாக்களுள் இது மெலிந்த இனத்தைச் சேர்ந்தது.

இதன் தாய்த்தோட்டா ஜேர்மனியின் மவுசர் தொழிலகம் 1892ஆம் ஆண்டளவில் உருவாக்கிய 7 மில்லிமீற்றர்த் தோட்டாவாகும். 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாபிரிக்கப் போரிலே போயர் வீரர் ஆங்கிலேயருக்கு எதிராக ஏந்திய துவக்குகளிற் பெரும்பாலானவை இத்தோட்டாவையே உண்டன. அப்போரிற் சிறைப்பட்ட போயர் ஆயிரக்கணக்கானோர் 1900ஆம் ஆண்டு முதல் நமது தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டு முகாமில் வைக்கப்பட்டனர் என்பதை வாசகர் அறிவர். எங்கோ பிறந்த ஒரு பித்தளைக் கூட்டின் கதை நம் மலைநாட்டையும் தொட்டுச் செல்வது வியப்பன்றோ?

நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த நெட் றொபேட்ஸ் என்பவர் துவக்குக் கலையில் ஊறியவர். புல்வெளிகளில் வளை தோண்டிப் பயிர்த்தொழிலுக்கு இடையூறு செய்யும் 'உட்சக்' என்னும் கொறிவிலங்கைத் தொலைவில் நின்று சுடுவதற்கு ஏற்ற தோட்டாவை அவர் தேடினார். 1920ஆம் ஆண்டுகளில் மவுசர்த் தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி, அதில் மெல்லிய குண்டை அமைத்துப் பார்த்தார். குறி தப்பாத தன்மையும் தோளை வருத்தாத உதைப்பும் அதற்கு வாய்த்திருந்தன. 1934இல் றெமிங்டன் நிறுவனம் அதன் அமைப்பைச் சிறிது மாற்றி, அவருடைய பெயரையே சூட்டிச் சந்தைக்கு அனுப்பியது. வளைவிலங்குக்கெனப் பிறந்த தோட்டா, சில ஆண்டுகளுள் மான் வேட்டைக்காரரின் செல்லப்பிள்ளையாயிற்று.

ஆனால் அதற்கொரு குறை நேர்ந்தது. பழைய, வலுக்குறைந்த மவுசர்த் துவக்குகளிலும் மக்கள் இதனை இட்டுச் சுடக்கூடும் என்றஞ்சித் தொழிலகங்கள் மருந்தை அடக்கமாகவே இட்டன. துவக்குகள் சிலவற்றின் தோட்டாப் பெட்டி குறுகியதாகையால், குண்டைக் கூட்டினுள் ஆழமாக அமிழ்த்தவும் வேண்டியதாயிற்று. 1955இல் வின்செஸ்டர் நிறுவனத்தின் '243' வெளிவந்ததும் மக்கள் புதியதை நாடினர். பழையது கடைத் தட்டுகளிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. அதனை அழியாமற் காத்தவர் யாரெனில், வீட்டில் இருந்து தம் கையாலே தோட்டா நிரப்பிய வேட்டைக்காரரே.

நிலவறையில் நடந்தது

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியிற் பொருந்தும் கேப், மருந்து, குண்டு. வெடித்தபின் எஞ்சுவது கூடு ஒன்றே. விலை மிகுந்த உறுப்பும் அதுவே. அதைப் பலமுறை மீண்டும் நிரப்பலாம்.

சிறுமி செய்த முதல் வேலை கூடுகளைச் சோதித்தல். கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா? அடிப்பாகத்திற்குச் சற்று மேலே ஒளிரும் வளையம் தென்படுகிறதா? அவ்வளையம் கூடு இரண்டாகப் பிரியப்போவதன் அறிகுறி. ஐயத்திற்கு இடமான இரண்டு கூடுகளை அவள் குறட்டால் நசுக்கிக் குப்பையில் இட்டாள். "நசுக்குவது ஏன்?" என்று வினவினோம். "மறந்துபோய் மீண்டும் எடுத்துவிடக் கூடாதல்லவா?" என்று விடை வந்தது.

அடுத்து, வெடியின் அழுத்தத்தால் விரிந்த கூட்டை உருக்கு அச்சினுள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்தார் முதியவர். அந்த அழுத்தத்திலேயே பழைய கேப் கழன்று வீழ்ந்தது. அழுத்த அழுத்தப் பித்தளை நீளுமாதலால் கழுத்தின் மிகுதியைச் சீவினார். பின்னர்ப் புதிய கேப்பைப் பதித்தார்.

மருந்து இடும் கட்டம் வந்தபோது வானொலியை நிறுத்தினார், பேச்சும் நின்றது. மேசைமேல் ஒரேயொரு மருந்துப் புட்டி மட்டுமே இருந்தது. இரண்டு புட்டிகள் ஒருங்கே இருந்தாற் கை மாறிவிடும். கை மாறினால் துவக்கு சிதறும். அளவு அச்சிட்ட அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதிலும் தொடக்க அளவிலிருந்துதான் சிறிது சிறிதாக ஏற வேண்டும். வெடித்த கேப் தட்டையாகிவிட்டாலோ, துவக்கின் தாழ் திறக்க மறுத்தாலோ, அழுத்தம் எல்லை மீறிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும்.

நிறைக்கு அவர்கள் வழங்கும் அலகு கிறெயின். நம் பழைய தோலா ஒன்று 180 கிறெயின். தராசு கிறெயினிற் பத்திலொரு பங்கையும் காட்டுகிறது. மருந்து இட்டு முடிந்ததும் கூடுகளை வரிசையாக நிறுத்தி, விளக்கைப் பிடித்து, ஒவ்வொன்றினுள்ளும் மருந்தின் மட்டம் ஒத்திருக்கிறதா என்று இருவரும் தனித்தனியே பார்த்தனர். ஒன்றில் மருந்து இல்லாதிருந்தால், கேப்பின் வலு மட்டும் குண்டைக் குழலின் நடுவே கொண்டுபோய்ச் சிக்கவைக்கும். அதை அறியாது அடுத்ததைச் சுட்டால் வரும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. இறுதியாகக் குண்டு பதிக்கப்பட்டது. செம்பு உறையிட்ட ஈயக்குண்டு. நிறை 117 கிறெயின். நம் பெண்கள் கணக்கிடும் ஒரு பவுன் எடைக்கும் சற்றுக் குறைவே! அப்பவுன் எடை செக்கனுக்கு 2,650 அடி வேகத்தில், அதாவது ஒலியை இருமடங்குக்கு மேல் விஞ்சி, குழலை விட்டுப் புறப்படுகிறது.

அன்றிரவு செய்த தோட்டாக்கள் இருபது. நம் வன்னிக் காடுகளில் இடியன் துவக்குக்குக் கைமதிப்பில் மருந்திட்டு இடித்த கதைகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு, இருபது தோட்டாவுக்கு மூன்று மணி நேரமா என்று தோன்றியது. எம் முகக்குறிப்பை உணர்ந்த முதியவர் சுவரிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துத் தந்தார். நாள், கூடு, மருந்து, குண்டு, குறிப்பலகையில் விழுந்த இடம் என நெடுங்கால வரலாறு அதில் இருந்தது. ஒரேயொரு பக்கத்தில் மட்டும் எதுவும் எழுதப்படவில்லை. அதன் காரணத்தை அவர் அப்போது சொல்லவில்லை.

தாழ்ந்த துவக்கு

அம்மாநிலத்தில் 12 வயது நிரம்பியவர், பாதுகாப்புப் பயிற்சியிற் தேறிய பின்னரே வேட்டை உரிமம் பெறலாம். இளையோர் பெரியவர் துணையின்றிச் செல்லலாகாது. பெட்டை மானைச் சுடத் தனி உத்தரவுச் சீட்டு வேண்டும்; அது சிறுமியிடம் இருந்தது. 2019 முதல் மான் வேட்டைப் பருவம் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அன்று விடியுமுன் மூவரும் செம்மஞ்சள் நிற மேலாடை பூண்டு காட்டோரம் சென்றோம். மற்ற வேட்டைக்காரர் கண்ணுக்கு மனிதர் மனிதராகத் தெரிவதற்கே அந்நிறம்.

பகல் முழுதும் குளிரிற் காத்திருந்தோம். மாலை மங்கும் வேளையில், 250 யார் தொலைவிலே வெண்வால் மான் ஒன்று புதரை விட்டு வெளிப்பட்டது. சிறுமி துவக்கை உயர்த்தித் தொலைநோக்கியூடாக நெடுநேரம் பார்த்தாள். மான் பின்புறத்தைக் காட்டிச் சாய்ந்து நின்றது; இடையே சுள்ளிகள். அவள் துவக்கைத் தாழ்த்தினாள். மான் போய்விட்டது. முதியவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு திரும்பும் வழியிலேதான் அவர் வாய் திறந்தார். அவருக்குப் பத்தொன்பது வயதாயிருந்தபோது, பருவம் தொடங்குவதற்கு முதல்நாள் இரவு, பழைய குண்டு தீர்ந்துவிட்டதால் வேறொரு குண்டை அவசரமாகப் பதித்தாராம். குண்டு மாறினால் அது விழும் இடமும் மாறும். குறிப்பலகையிற் சுட்டுப் பார்த்துத் தொலைநோக்கியைத் திருத்தவேண்டும். அதற்கு அவர் நேரம் ஒதுக்கவில்லை. மறுநாள் அந்தி நேரத்தில் தொலைவில் நின்ற மானைச் சுட்டார். குண்டு நெஞ்சிற் படாமல் வயிற்றின் பின்புறம் பட்டது. இரத்தத் துளிகளை இருட்டும் வரை பின்தொடர்ந்தார். பின்பு பனி கொட்டிச் சுவட்டை மூடிவிட்டது. மூன்று நாட்கள் தேடியும் அந்த மான் கிடைக்கவில்லை.

"அது எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்ததோ, எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் நான் என்ன எழுதுவது?" என்றார். சிறுமி அவர் கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள்.

மூன்று மணி நேரம் ஏன் என்பது எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

திங்கட்கிழமைக் காலை

திங்கட்கிழமை வேட்டைக்கென அம்மாநிலப் பாடசாலைகள் பல நெடுங்காலமாக விடுமுறை விடுவதுண்டு. அன்று காலை, எண்பது யார் தொலைவிலே ஒரு பெட்டை மான் பக்கவாட்டில் நின்றது. பின்னே மேட்டுநிலம், தவறினாலும் குண்டு மண்ணிலே புதையும். முன்னங்காலின் பின்னே, இதயமும் நுரையீரலும் அமைந்த சாண் அகலமான இடம். ஒரு வெடி. மான் ஐம்பது அடி ஓடி வீழ்ந்தது. நாம் அருகே செல்லுமுன்பே உயிர் பிரிந்திருந்தது.

சிறுமி துள்ளிக் குதிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மானின் கழுத்தைத் தொட்டாள், கண் கலங்கினாள். பின்னர்ச் சட்டப்படி சீட்டைக் கட்டினாள். அந்த இறைச்சி அவர்கள் வீட்டுக்கு மாரிகால உணவு. ஒரு பங்கு அண்டைவீட்டு விதவைக்கு.

வேட்டையால் மானினம் அழியாதா என்று வாசகர் கேட்கலாம். அழிந்துபோகும் நிலையும் அங்கு ஒரு காலத்தில் இருந்தது. கட்டுப்பாடற்ற வேட்டையினால் 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் எஞ்சிய வெண்வால் மான்கள் சுமார் ஐந்து இலட்சமே என்பர். இன்று அவை மூன்று கோடியளவில் உள்ளன. பருவமும் உரிமமும் வகுத்த சட்டங்கள் இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், 1937இல் நிறைவேறிய ஒரு சட்டம். வேட்டைத் துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 வீத வரியை வனவிலங்குப் பராமரிப்புக்கே அது ஒதுக்குகிறது. ஈயம் தரும் தீங்கும் இன்று உணரப்பட்டுள்ளது. சுட்ட விலங்கின் எச்சத்தை உண்ட பெருங்கழுகுகள் ஈய நஞ்சால் மடிந்தமையால், கலிபோர்னியா மாநிலம் 2019 ஆடி முதல் வேட்டையில் ஈயக்குண்டை முற்றாகத் தடுத்துவிட்டது. செப்புக் குண்டுகள் அதன் இடத்தைப் பெற்றன. முதியவரும் வரும் ஆண்டில் செப்புக்கு மாற எண்ணியிருக்கிறார். "குண்டு மாறினால் முதலிற் குறிப்பலகை" என்று பேர்த்தி நினைவூட்டினாள்.

நம் நாட்டுக் காடுகளிற் கட்டுத்துவக்கு இன்றும் உண்டென்பதை நினைக்கும்போது மனம் நோகிறது. கயிற்றிலே கால் பட்டதும் வெடிக்கும் அத்துவக்கு, வருவது பன்றியா, யானையா, விறகு பொறுக்க வந்த மனிதனா என்று பார்ப்பதில்லை. அதைக் கட்டியவன் வீட்டிலே உறங்குகிறான். அந்த நிலவறையில் நாம் கண்டதோ இதற்கு நேர்மாறானது. தான் விடும் ஒரு குண்டு எங்கே போய் விழும் என்பதற்குத் தானே விடை சொல்ல வேண்டியவன் என்று கருதும் மனிதரை அங்கு கண்டோம்.

அன்றிரவு சிறுமி, பனியிலிருந்து பொறுக்கிவந்த பித்தளைக் கூட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். முதியவர் குறிப்பேட்டை அவளிடமே நீட்டினார். அவள் நாளையும் தூரத்தையும் எழுதி, 'தோட்டா ஒன்று' என்று முடித்தாள். பெட்டியில் இன்னும் பத்தொன்பது தோட்டாக்கள் இருந்தன.