காணாமற்போனார் குடும்பமும் சட்டமும்

கிண்ணியாவுக்கும் திருகோணமலைப் பட்டினத்துக்கும் இடையே கடல்நீர் குறுக்கிட்டுக் கிடக்கின்றது. 2009ஆம் ஆண்டிலே 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும் வரை, மக்கள் ‘பாதை’ எனப்படும் மிதவையிலேயே அக்கரை சென்றனர். இன்று நீரைக் கடப்பது எளிது. சட்டத்தைக் கடப்பதே அரிது. போரிலே கணவனையோ மகனையோ இழந்த குடும்பத்துக்கு உதவும் சட்டங்கள் பல இருந்தும், எது யாருக்குரியது என்பது பலருக்கு விளங்குவதில்லை.

அவற்றுள் மூன்றினை அறிந்துகொள்ளல் நன்று. 1999ஆம் ஆண்டின் ரணவிரு சேவா அதிகார சபைச் சட்டம், படையிலும் பொலிசிலும் பணிபுரிந்து அங்கவீனமுற்றோரின் நலனையும், உயிர்நீத்தோர், காணாமற்போனோர் ஆகியோரின் குடும்ப நலனையும் கருதியது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனோரைத் தேடி உண்மையறிய ஓர் அலுவலகத்தை நிறுவியது. பொதுமக்களும், போர்முனையிற் காணாமற்போன படைவீரரும் அதன் எல்லைக்குள் அடங்குவர். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டமோ நட்டஈட்டுக்கென இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை உருவாக்கியது. ஆகவே நலன், தேடுதல், நட்டஈடு என மூன்று வாயில்கள் உள்ளன எனக் கொள்க.

எனினும், நலனுதவியோ நட்டஈடோ நாடிச் செல்கையில் எழக்கூடிய வினா ஒன்றுண்டு: “மரணச் சான்றிதழ் எங்கே?” உடலைக் காணாத மனைவி என்ன விடை கூறுவாள்? பழைய சான்றுக் கட்டளைச் சட்டப்படி, ஏழாண்டு செய்தியறியப்படாதவர் இறந்தவரென ஊகிக்கப்படலாம். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போர்ச் சூழலிற் காணாமற்போனோர் திறத்தில் அக்காலத்தை ஓராண்டாகக் குறைத்தது. காலம் குறைந்ததேயன்றித் துயர் குறையவில்லை. அச்சான்றிதழைப் பெறுவது, “அவர் இறந்தார்” எனத் தன் கையாலேயே ஒப்பமிடுவதாகும். கிண்ணியா போன்ற முஸ்லிம் ஊர்களில் இன்னொரு வினாவும் எழும். கணவன் இறப்பின் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருத்தல் வேண்டும். இறந்த நாளே தெரியாதவள் அதனை எந்நாளில் தொடங்குவாள்?

இவ்விடரை உணர்ந்தே 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ‘காணப்படாமைச் சான்றிதழ்’ என்பதனை வகுத்தது. ஒருவர் இறந்தார் என்று அது கூறாது. காணப்படவில்லை என்று மட்டுமே கூறும். அதனைக் காட்டி நலனுதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், காணாமற்போனவரின் ஆதனங்களைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் அச்சட்டம் இடமளித்தது. தேடும் உரிமையும் கைநழுவாது.

ஆயின் மூலச் சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்னும் தொடர் உண்டு. ஆதலால் அதன் காலவரையறையைப் பதிவாளரிடம் முதலிற் கேட்டறிதல் வேண்டும். பொலிசில் முறையிட்ட பதிவின் பிரதி, அடையாள அட்டை, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோவையிற் பேணி வைத்தலும் நன்று.

அலுவலர்க்கும் கடமையொன்றுண்டு. சட்டத்தின் பொருளை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கிராம உத்தியோகத்தர் வாயிலாக வீடுதோறும் சேர்ப்பித்தல் பெருஞ் செலவன்று. எழுத்தறியாத தாய்க்கு அதனைப் படித்துக் காட்டுதல் அண்டை வீட்டு மாணவனாலும் இயலும். உரியவர்க்கு விளங்காத உரிமை, பூட்டிய பெட்டியிலுள்ள பொருளையே ஒக்கும்.