ரயில் நின்ற பாதை யாருக்குச் சொந்தம்?

மந்தினில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் பத்தாங் பெனார், நீலாய் அல்லது சிரம்பானுக்குப் போக வேண்டும். ஆனாலும் ரயில் பாதை என்ற பேச்சு இந்த வட்டாரத்துத் தமிழர்களுக்குப் புதிதல்ல. ரப்பர் தோட்டங்களுக்கு அடுத்தபடியாக நம் முன்னோர்களின் வியர்வை அதிகமாகச் சிந்திய இடங்களில் ஒன்று இந்த நாட்டின் ரயில் பாதை. காடு வெட்டியதிலும், மண் கொட்டியதிலும், கட்டை போட்டுத் தண்டவாளம் பதித்ததிலும், பிறகு அதைப் பழுது பார்த்ததிலும் தமிழர்களின் பங்கு பெரியது.

அப்படிப் போட்ட பாதைகளில் சில இன்று ஓய்ந்து கிடக்கின்றன. ரயில் நின்றுவிட்டால் அந்த நிலத்தை என்ன செய்வது? மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக மாற்றலாமா? மீண்டும் ரயில் வரும் என்று காத்திருக்கலாமா? வீடு கட்ட விற்றுவிடலாமா? இவற்றைக் காட்டிலும் பெரிய கேள்வி ஒன்று உண்டு: இதை முடிவு செய்வது யார்?

பக்கத்திலேயே ஓர் உதாரணம்

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில் பாதை 1891-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சுங்கை ஊஜோங் ரயில்வே என்ற தனியார் நிறுவனம் அதை அமைத்தது. 1885-இல் தைப்பிங் - போர்ட் வெல்ட் பாதை, 1886-இல் கோலாலம்பூர் - கிள்ளான் பாதை, அவற்றுக்கு அடுத்தபடியாக மலாயாவில் வந்தது இந்தப் பாதைதான். ஏறக்குறைய 39 கிலோமீட்டர் நீளம். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு போவதற்காகப் போட்ட பாதை, பிறகு ரப்பரையும் ஏற்றியது, பயணிகளையும் ஏற்றியது. 1908-இல் அரசாங்க ரயில்வே அதை வாங்கிக் கொண்டது.

சாலைகள் பெருகின, பயணிகள் ரயில் நின்றது. போர்ட்டிக்சன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் ஏற்றி வந்த சரக்கு ரயில் மட்டும் சில காலம் ஓடியது. 2008-ஆம் ஆண்டோடு அதுவும் நின்றது. அதன் பிறகு புதரும் கொடியும் பாதையை மூடத் தொடங்கின. ரயிலை மீண்டும் ஓட விடலாம் என்ற பேச்சும் அவ்வப்போது எழுந்து வந்திருக்கிறது.

ஓய்ந்த பாதையை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போர்ட் வெல்ட் சாட்சி. நாட்டின் முதல் ரயில் பாதையின் கடைசி நிலையம் அது. இன்று அந்த ஊரின் பெயரே கோலா செப்பெத்தாங் என்று மாறிவிட்டது. தண்டவாளம் போய்விட்டது. தமிழ் எழுத்தும் இடம்பெற்ற பழைய பெயர்ப் பலகையும், பயணச் சீட்டு விற்ற சிறு கூண்டும் மட்டும் நினைவுச் சின்னமாக நிற்கின்றன.

ரயில் பாதை ஏன் நல்ல நடைபாதை?

சாதாரண சாலை மேடும் பள்ளமுமாகப் போகலாம். ரயில் அப்படிப் போக முடியாது. கனமான வண்டிகளை இழுத்துக் கொண்டு செங்குத்தான மேட்டில் ஏற அதற்குச் சக்தி போதாது. அதனால் மேட்டைக் குடைந்து, பள்ளத்தை நிரப்பி, கூடுமான வரை சமமாகவே பாதை போடுவார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டால் அதே பாதை முதியவர்களும், பிள்ளைகளும், சக்கர நாற்காலியில் போகிறவர்களும் சிரமமின்றிப் போகக்கூடிய வழியாகிறது. லாரியும் காரும் விரையும் சாலையைத் தொடாமல் பள்ளிக்கும் சந்தைக்கும் போய் வரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. பல கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாமல் தொடரும் நிலம் ஊருக்குள் வேறு எங்கும் கிடைப்பதில்லை. அதைத் துண்டு துண்டாக விற்று, கடையும் வீடும் எழுந்துவிட்டால், பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒன்று சேர்க்க முடியாது.

இதை உணர்ந்த அமெரிக்கர்கள் 1983-இல் தங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். ரயில் நின்ற பாதையை நடைபாதையாகப் பயன்படுத்தலாம். ஆனால் பின்னாளில் ரயில் தேவைப்பட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வங்கியில் போட்ட பணத்தைத் தேவைப்படும்போது எடுப்பது போன்ற ஏற்பாடு இது. இன்று அந்நாட்டில் பழைய ரயில் பாதைகளில் அமைந்த நடைபாதைகளின் மொத்த நீளம் 40,000 கிலோமீட்டருக்கும் மேல்.

மக்கள் வாக்களித்த ஊர்

கலிபோர்னியா மாநிலத்தில் சாந்தா குரூஸ் என்ற கடலோர மாவட்டம் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 51 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை ஒன்றை, மாவட்டப் போக்குவரத்து ஆணையம் 2012-இல் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்திடமிருந்து 1 கோடியே 42 லட்சம் டாலருக்கு வாங்கியது.

வாங்கிய பிறகு ஊர் இரண்டு பட்டது. ஒரு தரப்பு, "இங்கே பயணிகள் ரயில் விடப் பணம் கிடைக்கப் போவதில்லை, தண்டவாளத்தை எடுத்துவிட்டு இப்போதே அகலமான நடைபாதை போடுங்கள்" என்றது. மறுதரப்பு, "நடைபாதை வேண்டாம் என்று யார் சொன்னது? தண்டவாளத்தை ஒட்டியே அதைப் போடுங்கள். ரயிலுக்கான வாய்ப்பை மட்டும் மூடிவிடாதீர்கள்" என்றது. மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் வாட்சன்வில், விவசாயத் தொழிலாளர் அதிகம் வாழும் ஊர். தினமும் நெரிசலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நாளை ஒரு ரயில் வரும் என்ற நம்பிக்கையைப் பறிக்கக் கூடாது என்பது அந்தத் தரப்பின் வாதம்.

நடைபாதை மட்டும் போதும் என்றவர்கள் வாக்காளர்களிடம் கையெழுத்துத் திரட்டி, மாவட்டத்தின் பொதுத் திட்டத்தையே திருத்தும்படி ஒரு தீர்மானத்தைக் கொண்டு வந்தார்கள். 2022 ஜூன் 7-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 73 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். தீர்மானம் தோற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மக்கள் நடைபாதையை எதிர்த்து வாக்களிக்கவில்லை. நடைபாதைக்காக ரயிலின் வாய்ப்பை இழப்பதைத்தான் எதிர்த்தார்கள். கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

வாக்கெடுப்போடு எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. அங்கே பயணிகள் ரயிலும் நடைபாதையும் அமைக்க 400 கோடி டாலருக்கும் மேல் ஆகும் என்று 2025-இல் கணக்குக் காட்டப்பட்டது. மக்கள் வழியைத் திறந்து வைத்தார்கள். அந்த வழியில் போகப் பணம் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வாக்கில்லாமலும் நடந்தது

சிங்கப்பூரில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயன் ரயில்வே ஓடிய 24 கிலோமீட்டர் பாதை, 2011 ஜூலை 1-ஆம் தேதி சிங்கப்பூர் அரசாங்கத்திடம் போனது. முதல் நாள் இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். அதற்கு முன்பே, 2010-இல், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் அந்தப் பாதையைப் பசுமை வழியாகக் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தது. பொதுமக்களும் அதை ஆதரித்துக் குரல் கொடுத்தார்கள். அரசாங்கம் கருத்துக் கேட்டது. நிலத்தைத் துண்டாக்காமல் வைத்தது. புக்கிட் தீமா ரயில் நிலையம் புதுப்பிக்கப்பட்டு 2022-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

அந்தப் பாதையிலும் தமிழர் வரலாறு உண்டு. குயின்ஸ்டவுன் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் 1930-களில் ரயில்வேத் தொழிலாளர்கள் பாதையோரத்தில் எழுப்பிய சிறு கோயிலில் தொடங்கியதுதான். ரயில் பாதைக்குத் திட்டம் தீட்டும்போது ஓரத்தில் இருக்கும் கோயிலையும் குடியிருப்பையும் கணக்கில் எடுக்கிறார்களா என்பது நமக்கு முக்கியமான கேள்வி. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தையும் கோயிலையும் விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஏன் வாக்கு இல்லை?

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் ஒரு காலத்தில் நடந்தது. 1951-இல் ஜோர்ஜ்டவுனில் தொடங்கிப் பல நகரங்களில் மக்கள் தங்கள் மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே காலத்தில் சிரம்பான், ஜோர்ஜ்டவுன், ஜொகூர் பாரு போன்ற மன்றங்களின் நிர்வாகம் பற்றிக் குற்றச்சாட்டுகளும் எழுந்தன.

ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் ஒரு தமிழர்: செனட்டர் அத்தி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகியின் கணவர் அவர். குறைகள் இருந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே சிறந்தது, தேர்தல் தொடர வேண்டும் என்று அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்க எடுத்த முயற்சியும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது.

அதனால் மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. மந்தின் முன்பு நீலாய் நகராண்மைக் கழகத்தின் கீழ் இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் சிரம்பான் மாநகர் மன்றத்தின் கீழ் வந்தது. ரயில் நிலமோ மாநகர் மன்றத்தின் கையிலும் இல்லை. அது கூட்டரசு அமைப்பான ரயில்வே சொத்துக் கழகத்தின் பொறுப்பு. ஆகவே மன்றம் மட்டும் ஆசைப்பட்டாலும் நடைபாதை வந்துவிடாது. கூட்டரசும் மாநிலமும் மன்றமும் ஒத்துப்போக வேண்டும்.

கையில் இருப்பது என்ன?

வாக்கு இல்லை என்பதற்காக வாயும் இல்லை என்று ஆகிவிடாது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உள்ளூர்த் திட்டம் ஒன்று வரையப்படுகிறது. எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது பூங்காவுக்கு என்று அதில்தான் எழுதப்படுகிறது. நகல் தயாரானதும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். நேரில் விளக்கவும் கேட்கலாம். சாந்தா குரூஸ் மக்கள் வாக்குப் பெட்டியில் சொன்னதும் இதைப் போன்ற ஒரு திட்டத்தைப் பற்றித்தான்.

ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கவும் சட்டம் இடம் தருகிறது. மன்றம் தனியாகத் தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, கதவு திறந்தே இருக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது.

திட்டம் பார்வைக்கு வரும் நாள்களில் கோயில் நிர்வாகமும், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும், குடியிருப்பாளர் சங்கமும் சேர்ந்து போய் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். தங்கள் கோயில் அதில் கோயிலாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, வெறும் நிலமாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் வழி வரைபடத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வர வேண்டும். காலக்கெடு முடிந்த பிறகு பத்திரிகையில் அறிக்கை விடுவதைவிட, அதற்குள் கொடுக்கும் ஒரு பக்கக் கடிதத்துக்குப் பலன் அதிகம்.