குப்பனைத் தேடுவோர் ‘ஸி’ எழுத்தில் தேடுங்கள்

தாத்தாவின் தாத்தா பெயர் என்ன என்று நம் சேரிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தாத்தாவோடு நின்றுவிடுவார்கள். ஊர்த் தெருக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. நிலம் இருந்தது, நிலத்துக்குப் பத்திரம் இருந்தது, கோயில் மரியாதையில் யாருக்குப் பின் யார் என்ற வரிசையும் இருந்தது. நம்மவர் பெயரை எழுதிவைக்க யாருக்கும் தேவை வரவில்லை. எழுதப்பட்டிருந்தாலும் பண்ணைக் கணக்கில் கூலி நெல்லுக்கு எதிரே ஒற்றைப் பெயராக இருந்திருக்கும். அந்தக் கணக்கு நோட்டைக் கரையான் தின்று பல காலம் ஆகியிருக்கும்.

புதுச்சேரியில் நிலைமை கொஞ்சம் வேறு. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறும்வரை இங்கே இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிறந்தாலும், மணந்தாலும், இறந்தாலும் மேரிக்குப் போய் எழுத வேண்டும் என்பது அவர்கள் சட்டம். நம் பெரியவர்கள் ‘எத்தா சிவில்’ என்று சொல்வது இந்தக் குடிமைப் பதிவைத்தான். பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் இந்தப் பகுதி 1880இல் இங்குள்ள இந்தியர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. சட்டம் வந்த மறுநாளே எல்லாச் சேரியும் மேரி வாசலில் போய் நின்றுவிடவில்லை. ஆனாலும், பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த பக்கத்து ஊர் தலித் குடும்பத்துக்குக் கிடைக்காத ஒரு நூல்முனை புதுச்சேரி தலித் குடும்பத்துக்குக் கிடைத்தது. அந்த முனையைப் பிடிப்பது எப்படி என்று கேட்டு மாணவர்கள் சிலர் எங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

குப்பன் என்று ஒரு கொள்ளுத்தாத்தா இருந்ததாக வைத்துக்கொள்வோம். அட்டவணையில் ‘கே’ எழுத்தைப் புரட்டினால் அவர் கிடைக்க மாட்டார். பிரெஞ்சு எழுத்தர் ‘க’ ஓசையைப் பெரும்பாலும் ‘ஸி’ எழுத்தால்தான் எழுதினார். ‘உ’ ஓசைக்கு ‘ஓ’, ‘யூ’ என இரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் போட்டார். பெயரின் கடைசியில் வரும் ‘அன்’ அவர் காதில் ‘இன்’ என்று விழுந்தது. கருப்பனும் சின்னானும் இப்படித்தான் அடையாளம் தெரியாமல் போனார்கள். எனவே தேடுவதற்கு முன் பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். தமிழ் தெரியாத ஒருவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்து, நான்கைந்து விதமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயதையும் நம்ப வேண்டாம். ‘சுமார் முப்பது’ என்று இருந்தால் இருபத்தைந்தும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம்.

பதிவுகளில் கனமானது திருமணப் பதிவுதான். பிறப்புப் பதிவு ஒரு தலைமுறையைக் காட்டினால், திருமணப் பதிவு மாப்பிள்ளை, பெண் இருவருடைய தாய் தகப்பன் பெயர்களையும், தொழிலையும், குடியிருந்த ஊரையும், சாட்சிகளையும் காட்டும். பல பதிவுகளில் சாதியும் இருக்கும். சாட்சியாக நின்றவர் பெரும்பாலும் மாமனோ பங்காளியோ ஆக இருப்பார். அந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த கதவு அங்கே திறக்கலாம். பதிவேட்டின் ஓரத்தில் பின்னாளில் சின்னதாக எழுதிச் சேர்த்த குறிப்புகளையும் விடாதீர்கள்.

எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் பாட்டிமார்கள்தான். நம் பத்திரங்களில் பெண் ‘இன்னார் மனைவி’ என்ற அளவில் முடிந்துபோவாள். பிரெஞ்சுப் பதிவில் அப்படியில்லை. கலியாணம் ஆகி ஐம்பது வருடம் கழித்து இறந்தாலும், பிறந்த வீட்டுப் பெயரோடும் தன் தகப்பன் தாய் பெயரோடும்தான் அவள் எழுதப்படுவாள். களை பறித்தே காலம் கழித்த ஒரு கிழவியின் தாயார் பெயரைச் சொல்லும் காகிதம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

மேரிக்கே போகாமல் வீட்டு வாசலில் தாலி கட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. இவர்கள் வீட்டுப் பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்து ‘சொல்தா’ ஆனபோதும், ஓய்வூதியம், வாரிசு என்று பேச்சு வந்தபோதும் காகிதம் தேவைப்பட்டது. அப்போது நீதிமன்றத்தில் சாட்சிகளை நிறுத்தி, விட்டுப்போன பதிவுக்கு ஈடாகத் தீர்ப்பு வாங்குவார்கள். அந்தச் சாட்சியங்களில் ஊர்க்காரர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னது அப்படியே எழுத்தில் நிற்கும். பதிவு இல்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் இந்தத் தீர்ப்புகளைத் தேட வேண்டும்.

பலருடைய நூல் அறுந்துபோகும் இடம் 1881. அந்த ஆண்டு செப்டம்பர் 21 ஆணைப்படி, ஓர் இந்தியர் தம் சாதி, சமயத்தை ஒட்டிய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம். துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டார்கள். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அதில் அடங்குவர். கூடவே ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் ஐரோப்பியர் போலச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ்வரை வழக்காடி வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் ‘லாபோர்த்’. கதவு என்று பொருள். அவர் வேளாளர். ஆனால் அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் ஏராளம். பெயரிலிருந்தே சாதி உதிர்ந்துபோகும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? சாதி இந்துக்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1884இல் வாக்காளர் பட்டியலையே ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என மூன்றாகப் பிரிக்கும் அளவுக்கு அரசியல் சூடேறியது.

தேடுபவருக்கு இது என்ன செய்கிறது? தகப்பன் குப்பனாகப் பிறந்து பிரெஞ்சுப் பெயரோடு இறக்கிறார். மகன் பிறப்பிலிருந்தே அந்தப் புதுப் பெயர்தான். பேரன் தன் குடும்பம் எங்கிருந்தோ வந்ததாக நினைத்துக்கொள்கிறான். இரண்டு பெயரையும் முடிச்சுப் போடும் ஒரே காகிதம் அந்தத் துறப்புப் பதிவுதான்.

இன்னும் பின்னால் போனால் மாதா கோயில் ஏடுகள் உண்டு. ஐரோப்பியருக்கும் தொப்பாசுகளுக்கும் கப்புச்சின் குருமார், தமிழருக்கு இயேசு சபையார் என்று அன்று பிரிவு இருந்தது. தமிழர் கோயிலுக்குள்ளும் பிரிவு இருந்தது. பறையர் கிறித்தவர்களைத் தனியே நிறுத்தக் கோயிலுக்குள் சுவர் எழுப்பியிருந்ததையும், 1745இல் நம்மவர்கள் திரண்டு கேட்டு அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எழுதிய தொனி நமக்குச் சாதகமாக இல்லை. ஆனாலும் எழுதிவிட்டார். அந்த ஏடுகளில் அடிமைகளின் ஞானஸ்நானமும் வரும். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்ன துரையின் அடிமை’ என்று இருக்கும். அங்கே தேடல் முட்டி நின்றுவிடுகிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆள் கிடைக்க மாட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் 1931 சாதிவாரிக் கணக்கில் பிரெஞ்சுப் புதுச்சேரி இல்லை. சுதந்திர இந்தியாவின் கணக்கெடுப்புச் சட்டம், 1948, தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது, சாட்சியாகவும் காட்ட முடியாது என்கிறது. ஆனால் கணக்கெடுப்பில் நம்மை என்ன பெயரில் எழுதுவது என்பதற்கே ஒரு வரலாறு உண்டு. பூர்வ பௌத்தர் என்று எழுதச் சொல்லி அயோத்திதாசர் வாதாடினார். ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரைச் சென்னை அரசு 1922இல்தான் ஏற்றது. ஆகவே எல்லை தாண்டித் தேடுபவர்கள், 1922க்கு முன்னும் பின்னும் ஒரே குடும்பத்துக்கு இரண்டு சாதிப் பெயர் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் ஒரு துரையிடம் பட்லராக இருந்தவர். திருக்குறள் சுவடி எல்லிஸ் கைக்குப் போகக் காரணமானவர் அவர். பேரன் எழுதிவைத்திராவிட்டால் இந்தக் கந்தப்பனை இன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இதெல்லாம் வெறும் குடும்பப் பெருமைக்காகவா என்று கேட்பவர்கள் உண்டு. புதுச்சேரி அட்டவணைச் சாதிகள் ஆணை 1964ஆம் ஆண்டினது. அது இந்த ஒன்றியப் பகுதியில் ‘குடியிருப்பவர்’ என்று பேசுகிறது. பூர்வீகமா, குடிபெயர்ந்து வந்தவரா என்ற சண்டை அதிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. சான்றிதழுக்கு அலையும் மாணவரிடம் பாட்டன் காலத்துக் காகிதம் கேட்கப்படும்போது, வீட்டில் இருப்பதோ துருப்பிடித்த ஒரு தகரப் பெட்டி மட்டும்தான். 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பு இருந்தது. அதைப் பற்றிக் காதில் விழாமலே போன சேரிகள் எத்தனை! இப்போது அந்தப் பெயரைச் சொல்லித் தரகர்கள் காசு பறிக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள். பழைய புதுச்சேரிப் பதிவேடுகளின் படங்கள் பிரான்சின் ஏக்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பக இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பத்து வருடத்துக்கு ஒன்றாகப் பெயர் அட்டவணையும் போட்டிருப்பார்கள், அதிலிருந்து தொடங்குங்கள். இலாசுப்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டால் போதும். ஒரே மாதிரியான வாசகங்கள்தான், பத்துப் பதிவு படித்தால் பழகிவிடும்.

கடைசியாக, இங்கே கிடைக்காமல் கடலில் கிடைப்பவர்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக நம்மவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1853 முதல் மார்த்தினிக் தீவுக்குச் சுமார் 25,000 பேர். 1854 டிசம்பர் 24இல் முதல் கப்பல் சேர்ந்த குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். ரெயூனியனுக்கு இவற்றைவிட அதிகம். இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஒற்றைப் பெயரோடு போனவரின் அந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராயிற்று. முத்துசாமியும் ராமசாமியும் வீராப்பிள்ளையும் அங்கே இன்று குடும்பப் பெயர்கள். குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் அப்படி ஒருவர். இந்தியரின் பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர் அல்லர், ஓட்டில்லை என்று நிர்வாகம் சொன்னதை எதிர்த்து 1904இல் தொடங்கியவர், 1923இல்தான் வென்றார். அவர் வழக்கு முழுக்கவே யார் எங்கே பிறந்தார், அவர் யாருடைய பிள்ளை என்பதைப் பற்றியதுதான்.

பிரிட்டிஷ் கப்பல்களின் பட்டியல்களில், 1860இல் சென்னையிலிருந்து 342 பேரோடு நேட்டாலுக்குப் போன ‘ட்ரூரோ’ உட்பட, தகப்பன் பெயர், ஊர், சாதி என்று கட்டங்கள் உண்டு. நம்மை இழிவுபடுத்திய அந்தச் சாதிக் கட்டம்தான் இன்று சில குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. இதில் எங்களுக்கு ஒரு சங்கடமும் உண்டு. கப்பலேறும்போது வேறு சாதி சொல்லித் தப்பித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் வேண்டாம் என்று கடலில் போட்டதை நாம் எடுத்து வந்து பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா? எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வோம், கேட்காதவர்கள் வாசலைத் தட்ட மாட்டோம் என்பதுவரை ஒத்துப்போயிருக்கிறோம்.

அந்தத் தீவுகளிலிருந்து இன்று பேரப்பிள்ளைகள் புதுச்சேரிக்கு வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பிரெஞ்சுக் காதில் விழுந்தபடி எழுதிய ஓர் ஊர்ப் பெயர். வரைபடத்தில் அது இல்லை. பல சேரிகளுக்கு இப்போது நகர் என்றும் காலனி என்றும் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது. பழைய பெயர் எழுபது வயதுக்காரர்கள் சிலர் வாயில் மட்டுமே இருக்கிறது. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் பக்கத்து வாசகர்கள் உங்கள் தெருவின் பழைய பெயரையும், அதை யார் சொன்னார் என்பதையும் ஓர் அஞ்சலட்டையில் இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். வருகிறவற்றை அடுத்தடுத்த வாரங்களில் வெளியிடுவோம்.